பழைய சாம்ப்ளரில் எதைச் சரிசெய்கிறோம்?

வீட்டிலேயே இசையமைப்பவர்கள் பழைய சாம்ப்ளரை (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவியை) வாங்கி, பிரித்துச் சரிசெய்து பயன்படுத்துவதற்குச் சொல்லும் முதல் காரணம் அதன் ஒலி. அந்தக் காலத்து இயந்திரத்தின் கனம் கணினியில் வராது என்பார்கள். சில இயந்திரங்களுக்கு இது பொருந்தும். 1987இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200, ஒலியை 12 பிட்டில், நொடிக்கு ஏறக்குறைய 26,000 மாதிரிகளாகப் பதிந்தது. மொத்த நினைவகமே பத்து நொடிக்குத்தான். அதை மிச்சம்பிடிக்க, 33 சுழற்சியில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, பிறகு இயந்திரத்துக்குள் மெதுவாக்கினார்கள். அப்படிப் பிறந்த கரகரப்பு நியூயார்க் ஹிப்-ஹாப்பின் அடையாளமாகவே ஆனது. ஆனால் அந்த இயந்திரம் இன்று சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டது. சாதாரணமாகப் பழுதுபார்க்கக் கிடைப்பது 1990களின் கடைசியில் வெளிவந்த அகாய் எம்பிசி2000எக்ஸ்எல் போன்றவை. அது பதிவதோ 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஆடியோ சிடியின் தரமும் அதுவேதான். இதில் ஒலியின் மாயத்தைத் தேடுவது பெரும்பாலும் விலையை நியாயப்படுத்தும் பேச்சு. அதன் மதிப்பு விரல் படும் பதினாறு பேடுகளிலும் பொத்தான்களிலும் இருக்கிறது. எதைச் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பதையும் அதுவே தீர்மானிக்க வேண்டும்.

இந்த இயந்திரங்கள் முதலில் எங்கே தளர்கின்றன என்று பார்த்தாலே இது விளங்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் நான்கு கால்களுடன் ஒரு சிறிய டாக்ட் சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் குமிழ் போல வளைந்த உலோகத் தகடு அமுங்கித் தொடுமுனையைத் தொட வேண்டும். ஆண்டுகள் போகப்போக அந்த முனையில் களிம்பு ஏறும். ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை அழுத்தியதாக இயந்திரம் எடுத்துக்கொள்ளும், அல்லது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சுவிட்ச் சில ரூபாய்ப் பொருள்தான். சென்னை ரிச்சி தெருவில் அளவைச் சரியாகச் சொன்னால் அதே வகையில் ஒன்று கிடைத்துவிடும். சிக்கல் அதைக் கழற்றுவதில். நான்கு கால்களிலும் பழைய ஈயம் முழுதாக உருகி உறிஞ்சப்படுமுன் இழுத்தால், போர்டிலிருந்து செப்புத் தடமும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். பேடுகளின் கதை வேறு. ரப்பருக்குக் கீழே, அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் மெல்லிய தாள் கிடக்கிறது. அடியின் வேகம் அதிலிருந்துதான் ஒலியின் அளவாகிறது. ரப்பர் தளர்ந்து மெல்லிய அடிகள் பதியாமல் போகும்போது, பலர் ரப்பரின் அடியில் இன்சுலேஷன் டேப்பை ஒன்றிரண்டு அடுக்கு ஒட்டுகிறார்கள். காசில்லாத வைத்தியம்தான், ஆனாலும் பலிக்கிறது. திரையின் பின்னொளித் தாள் மங்கினால் அதற்கும் எல்இடி மாற்று விற்கிறது. செலவையும் நேரத்தையும் கொட்ட வேண்டிய இடங்கள் இவையே.

இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று உண்டு: இயந்திரம் கைக்கு வந்ததுமே உள்ளிருக்கும் மின்பகு கெப்பாசிட்டர்கள் அத்தனையையும் மாற்றிவிடுவது. அவற்றின் திரவம் வறண்டுபோகும், கசிந்தால் போர்டை அரிக்கும் என்ற வாதம் தவறல்ல. பவர் சப்ளை பகுதிக்கு அது முழுமையாகவே பொருந்தும். அங்கே வெப்பம் அதிகம். வறண்ட கெப்பாசிட்டர் உறுமலையும் திடீர் ரீசெட்டையும் உண்டாக்கும். ஆனால் வீக்கமோ கசிவோ இல்லாத, அளந்து பார்த்தால் சரியாக இருக்கிற ஒலிப்பாதைக் கெப்பாசிட்டர்களைத் தடுப்பு மருத்துவம் என்று பிடுங்குவது வேறு. ஒவ்வொரு பிடுங்கலும் புதிய பழுதுக்கு ஒரு வாய்ப்பு, அதுவும் முதன்முறை சால்டரிங் பிடிக்கும் கையில். ‘மாற்றியபின் ஒலி தெளிந்தது’ என்று சொல்பவர்களில் முன்பும் பின்பும் ஒரே பதிவை ஒப்பிட்டுக் கேட்டவர்கள் எத்தனை பேர்? பவர் சப்ளையில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். செருகியைக் கழற்றிய பின்னும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஜப்பானின் 100 வோல்ட்டுக்கோ அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கோ மட்டும் செய்யப்பட்ட இயந்திரத்தைப் பின்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகினால், பழுதுபார்க்க மிச்சம் அதிகம் இருக்காது.

கணினியில் எல்லாமே இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்ற கேள்விக்கு, ‘கட்டுப்பாடு படைப்பைத் தூண்டும்’ என்ற பழகிய பதில் போதாது. எம்பிசி2000எக்ஸ்எல்லின் நினைவகத்தை 32 மெகாபைட் வரை உயர்த்தினாலும், ஒற்றைத் தட ஒலி ஆறரை நிமிடத்துக்கும் குறைவாகவே கொள்ளும். ஒரு ஃப்ளாப்பியில் பதினாறு நொடி சொச்சம். முதல் எல்லை பொறுக்கியெடுக்கக் கற்றுத்தரலாம். இரண்டாவது வெறும் தொல்லை. எனவே ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு பென்டிரைவ் ஏற்கும் எமுலேட்டரைப் பொருத்துவதை மரபுமீறல் என்று வருந்த வேண்டியதில்லை. வலுவான பதில் தாளத்தில் இருக்கிறது. 1988இல் வந்த எம்பிசி60ஐ வடிவமைத்த ரோஜர் லின், ஒவ்வொரு இரண்டாவது பதினாறாம் பங்குத் தட்டையும் சற்றுத் தாமதிக்கும் ‘ஸ்விங்’ வசதியைத் தந்தார். ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா எம்பிசி3000இல், தட்டுகளைத் தாளத்தோடு ஒட்டவைக்கும் நேரத்திருத்தத்தையே அணைத்துவிட்டு, கையின் இயல்பான முன்பின்னை அப்படியே விட்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். அவருடைய அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட வாசிப்புக்கு உடனடியாகப் பதிலளிக்கும் பேடு வேண்டும். புதிய எம்பிசிகளிலும் அது கிடைக்கிறது என்று மறுத்தால், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். உத்தரவாதத்துடன் புதியது வாங்க முடிந்தவர், ஒலிக்காக மட்டும் பழையதைத் தேடிப் போக வேண்டாம். பழுதுபார்ப்பு லாபம் தருவது, வேலை செய்யாத இயந்திரம் மலிவாகக் கிடைத்து, கோளாறு சுவிட்சிலோ பேடிலோ திரையிலோ நின்றுவிடும்போது.

சுற்றுச்சூழலைக் காக்கிறோம் என்ற வாதத்தையும் அளந்தே ஏற்க வேண்டும். ஒரு சாம்ப்ளரைக் காப்பாற்ற இன்னொன்றைப் பிரித்து உறுப்பெடுப்பது இந்தத் துறையில் வாடிக்கை. பிரிக்கப்பட்டவற்றில் பலவும் சிறு கோளாறோடு இருந்தவையே. ‘உதிரிக்காக’ என்ற பெயரில் விற்றால் கூட்டிக் கழித்துக் கூடுதல் பணம் தேறும் என்பதால் பிரிக்கப்பட்டவை. தயாரிப்பு நிறுவனம் தனக்கென்றே செய்வித்த சிப் செத்துப்போனால், மாற்று கிடைக்கும் ஒரே இடமும் இன்னொரு இயந்திரத்தின் வயிறுதான். எஸ்பி-1200 இதில் அதிர்ஷ்டசாலி. அதன் ஃபில்டர் சிப்பான எஸ்எஸ்எம்2044இன் வழித்தோன்றல், எஸ்எஸ்ஐ2144 என்ற பெயரில் மறுபடி தயாரிக்கப்படுகிறது. எம்பிசி2000எக்ஸ்எல்லின் மெயின்போர்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வாங்குமுன் அது முழுதாகத் துவங்குகிறதா, பதிகிறதா, எல்லா வெளியீடுகளிலும் ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டு, இதில் ஒன்று தவறினாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். பொத்தான் வேலை செய்யவில்லை, திரை இருண்டிருக்கிறது என்பதற்காக மட்டும் விட வேண்டாம்.