கப்பற் பட்டியலும் குடும்பக் கதையும்: நேட்டால் தமிழர் குலவரலாற்றாய்வில் சான்றின் எல்லை

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள், தம் குடும்பக் கதைகளைக் கப்பற் பட்டியல்களைக் கொண்டு மெய்ப்பிக்க முயல்கின்றனர். அம்மூலத்தின் வளம் மறுக்கவியலாதது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து அங்குச் சென்றனர். ஒவ்வொருவரின் குடியேற்ற எண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடல் அடையாளம் ஆகியன பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் இம்முறையில் எழுதப்படும் குடும்ப வரலாறுகள் பலவற்றில் தருக்கக் குறை ஒன்று உண்டு. பட்டியலில் காணும் பல முனுசாமிகளுள் குடும்பக் கதைக்கு ஒத்துவரும் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பின்னர் அதே பதிவு அக்கதைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கதையைக் கொண்டு தேர்ந்த பதிவு அக்கதையை மெய்ப்பிக்காது.

பட்டியலின் ஒவ்வொரு கட்டமும் ஒரே தகுதியுடையதன்று. கப்பலின் பெயர், வந்த நாள், குடியேற்ற எண் ஆகியவை அலுவலகம் தானே உண்டாக்கியவை, அவற்றை நம்பலாம். பெயரும் சாதியும் ஊரும் அத்தகையன அல்ல. அவை வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, எழுத்தர் தம் காதுக்கு எட்டியவாறு ஆங்கில எழுத்தில் பதிந்த விடைகள். ழகர, ளகர, லகர வேறுபாடு அவ்வெழுத்தில் நிற்பதில்லை. தந்தை பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்ட நேர்வுகளும் உள. அத்தகைய குடும்பம் தன் பெயரைச் சாதிப் பெயர் என்றோ ஊர்ப் பெயர் என்றோ விளக்கிக்கொள்வதுண்டு. சாதிக் கட்டத்தை அணுகுவதில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஊரைவிட்டுச் செல்பவர், தம்மை அறியாத எழுத்தரிடம் எதையும் சொல்லியிருக்கலாம். எழுத்தர் பல பிரிவினரை ஒரே சொல்லில் அடக்கியும் இருக்கலாம்.

ஜில்லாக் கட்டம் எளியது போலத் தோன்றுவதே அதன் இடர். 1911இல் சித்தூர் ஜில்லா அமைக்கப்படும் வரை சித்தூர்ப் பகுதி வட ஆர்க்காட்டில் அடங்கியிருந்தது. ஆகவே ‘வட ஆர்க்காடு’ எனக் கண்டவுடன் இன்றைய வேலூரைச் சுற்றி ஊர் தேடுவது பிழையாகலாம். தெலுங்கு பேசிய குடும்பம் என்ற வாய்மொழி மரபு அப்போது பட்டியலுக்கு முரணாகாமல் துணையாகவே அமையும்.

‘எங்கள் பாட்டனார் கூலியாக வரவில்லை, சொந்தச் செலவில் வந்தார்’ என்னும் கதையே மிகுதியும் சர்ச்சைக்குரியது. ஒப்பந்தப் பட்டியலில் பெயர் காணப்படாமையைச் சிலர் இதற்கு ஆதாரமாக்குகின்றனர். பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்தாலும், பக்கம் சிதைந்திருந்தாலும் விளைவு அதுவே. இல்லாமை இங்கு எதையும் நிறுவாது. கூலி என்ற சொல் சுமந்த இழிவைத் தவிர்க்கவே பின்வந்தோர் இக்கதையைப் பேணியிருக்கலாம் என்பதையும் ஆய்வாளர் மறக்கலாகாது.

உறுதியான வழி, குடியேற்ற எண்ணைப் பின்தொடர்வது. திருமணப் பதிவிலோ இறந்தவரின் சொத்துப் பதிவிலோ அதே எண் காணப்படின், கதையின் துணையின்றியே ஆள் அடையாளம் நிறுவப்படுகிறது. மூன்று பவுண்டு வரியும் ஒரு சோதனையாகப் பயன்படும். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அவ்வரி, அதன்பின் ஒப்பந்தமானவர் மீதே விழுந்தது. முன்னோர் அவ்வரியால் துன்புற்றார் எனக் கூறும் குடும்பம் 1880களின் பதிவொன்றைத் தன்னுடையதாகக் காட்டினால், இரண்டில் ஒன்று மறு ஆய்வுக்குரியது.

எண்களைப் பின்தொடரும்போது எதிர்பாராதவையும் வெளிப்படும். மணமான தம்பதியராகவே கப்பலேறினர் எனக் கூறப்படும் இருவர், வெவ்வேறு ஜில்லாக்களின் பெயருடன், தொலைவான எண்களில், வெவ்வேறு கப்பல்களில் பதிவாகியிருந்தால், அவர்கள் நேட்டாலில்தான் சந்தித்தனர் எனக் கொள்ளல் தகும். அந்நிலையில் மனைவியின் ஊரும் தந்தையும் தனியே தேடப்பட வேண்டியவை. கணவனின் ஊரையே குலத்தின் ஊராகக் கொள்ளும் வழக்கமான குடும்ப மரங்களில் அப்பெண்ணின் கட்டம் வெற்றாகவே விடப்படுகிறது.