பழகாத செவி

ஓர் இசைத்தொகுப்பை ஒருமுறை கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் எத்துணைப் பிழை என்பதை எனக்கு உணர்த்தியது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வெளியான இவ்வாத்திய இசைத்தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். மத்ரஸா விடுமுறையில் பொன்னமராவதிக்கு வந்திருந்த யான், தேநீர்க் கடையொன்றில் அதன் ஒலிநாடாவைக் கேட்டு, “கருநாடக இசையுமன்று, மேனாட்டிசையுமன்று; வெறுங்கலவை” என்று நண்பரிடம் ஏளனம் பேசினேன்.

பிழை என் செவியினது. ஒற்றை மெட்டைப் பின்தொடரவே அது பழகியிருந்தது. ‘ஃபியூக்’ என்னும் மேனாட்டு அமைப்பிலோ, ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றொன்று சற்றுப் பிந்தி ஏற்க, முன்னது வேறு வழி செல்லும். இரண்டையும் ஒருங்கே கேட்டல் வேண்டும். பன்முறை கேட்ட பின்னரே, வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்கு அடியில் ஓடும் ஏனைய குரல்கள் எனக்குப் புலனாயின. இப்னு மாலிக்கின் ‘அல்ஃபிய்யா’ இலக்கணத்தை முதலில் மனனம் செய்கிறோம். பொருள் பின்னர்தான் திறக்கிறது. (இசைக்கு உஸ்தாதின் பிரம்பு இல்லை; அதுவே வேற்றுமை!)

பழக்கமே விருப்பமாகிவிடாதா என்பர் சிலர். ஆகும்; விளம்பர மெட்டும் நாவில் ஒட்டிக்கொள்கிறதே! ஆயின் அது பத்தாம் முறையும் முதன்முறை தந்ததையே தருகிறது. இத்தொகுப்பு அவ்வாறன்று. எனினும், சில இடங்களில் தாளக்கருவிகள் மிகுந்து ஒலிக்கின்றன என்ற என் பழைய குறை மட்டும் இன்றளவும் நீங்கவில்லை.