காபன் கணக்கும் கட்டடமும்: ஒரு விமரிசன நோக்கு

கட்டடமொன்று சூழலுக்கு விளைக்கும் தீங்கினை, அது நுகரும் மின்சாரத்தையும் எரிபொருளையும் மட்டும் கொண்டு மதிப்பிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. சீமெந்தும் உருக்கும் உற்பத்தியாகும்போதும், கட்டடம் எழுப்பப்படும்போதும், பழுதுபார்க்கப்படும்போதும், ஈற்றில் இடிக்கப்படும்போதும் வெளியேறும் காபனீரொட்சைட்டு அக்கணக்கில் இடம்பெறவில்லை. இக்குறையை நீக்க எழுந்ததே முழு ஆயுட்காலக் காபன் மதிப்பீடாகும். 2021ஆம் ஆண்டின் இலண்டன் திட்டம் பெருங்கட்டடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின், அளவிடுவதனாலேயே தீங்கு குறையும் எனக் கொள்ளலாமா?

இலண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியில், 1930ஐ ஒட்டி எழுந்த மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் கடைக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் பற்றிய விவாதம் ஈண்டு நோக்கற்பாலது. புதிய கட்டுமானத்தால் ஏறத்தாழ 40,000 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும் எனக் கணிக்கப்பட்டது. புதிய கட்டடத்தின் சிக்கனம் காலப்போக்கில் அதனை ஈடுசெய்யும் என்றது நிறுவனம். திருத்தியமைக்கப்பட்ட பழைய கட்டடத்துடனன்றோ ஒப்பிட வேண்டும் என்றனர் எதிர்த்தோர். அளவுகோல் ஒன்றே, முடிவுகளோ முரண்பட்டன. எதனுடன் எதை ஒப்பிடுவது என்னும் தெரிவு கணக்குக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது.

காலம் பற்றிய சிக்கலும் உண்டு. பிரித்தானிய முறை 60 ஆண்டுகளை ஆய்வுக்காலமாகக் கொள்கின்றது. கட்டுமானத்தின் காபன் இன்றே வளியைச் சேர்கின்றது. சேமிப்போ நாளைய எதிர்பார்ப்பு. மின்பிறப்பாக்கம் தூய்மையடையுந்தோறும் அச்சேமிப்பும் சுருங்கும். இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டுவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது.

2023 யூலையில் அமைச்சர் அனுமதி மறுத்தார். மீள்பயன்பாட்டுக்குத் தேசியக் கொள்கை வலுவான முன்னுரிமை வழங்குவதாக அவர் கொண்ட விளக்கம் தவறென 2024 மார்ச்சில் உயர்நீதிமன்றம் கண்டது. அவரது முடிவும் செல்லாதாயிற்று. 2024 டிசெம்பரில் புதிய அரசாங்கம் அனுமதி வழங்கியது. கணக்கு இருந்தது, அதனை மீறலாகாத எல்லையாக்கும் விதி இருக்கவில்லை.

டென்மார்க் இதற்கு மாறான வழியைத் தெரிந்தது. 1,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு, சதுர மீற்றருக்கு ஆண்டொன்றில் 12 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயுக்கள் என்ற உச்சவரம்பை 2023இல் விதித்து, 2025இல் அதனை மேலும் இறுக்கியது. ஆயினும் இவ்வரம்பு புதிய கட்டடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையே கட்டுப்படுத்துகின்றது; அது தேவைதானா என்று வினவுவதில்லை.

எனவே, பழையதைத் திருத்திப் பயன்படுத்தும் மாற்றுவழியுடன் ஒப்பிடுதலும் சட்டவரம்பும் ஒருங்கே இணைதல் வேண்டும். அவையின்றேல், ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவுக்கு விஞ்ஞானத்தின் பெயரால் நியாயம் கற்பிக்கும் கருவியாகவே இம்மதிப்பீடு எஞ்சும்.