படவிதழும் ஆடற்சான்றும்

பாரிசு நகரில் 1908ஆம் ஆண்டு மொரீசு தெ புருனோப் தொடங்கிய 'கொமேதியா இலுசுத்திரே' என்னும் படவிதழ், 1909 முதல் அங்கு ஆடிய தியாகிலெவின் உருசிய நடனக் குழுவைப் போற்றிப் பரப்பியது. பாக்சுது தீட்டிய ஆடை ஓவியங்களை அது வண்ணத்தில் அச்சிட்டது. இவ்விதழ் கொண்டே அவ்வாடல்களை அறியலாம் என்பாரும் உளர். அது பொருந்தாது. ஆடை ஓவியம் ஆட்டத்திற்கு முன் எழுந்த கருத்தேயன்றி ஆட்டத்தின் பதிவன்று. ஒளிப்படமோ ஒரு நிலையைக் காட்டும். நிலைக்கு நிலை செல்லும் இயக்கத்தைக் காட்டாது. நிசின்சுகி 1913இல் அமைத்த 'வசந்தப் பலி' நடனத்தை 1987இல் மீட்டமைத்தோர்க்குப் படங்களோடு இசையேட்டுக் குறிப்புகளும் கண்டோர் கூற்றுகளும் வேண்டப்பட்டமை இதனை வலியுறுத்தும். எனவே, பாரிசு மக்கள் ஆடலை எவ்வாறு காண விழைந்தனர் என்பதற்கே இவ்விதழ் முதற்சான்றாகும் என்பது எம் துணிபு.