துணிப்பையும் அதற்குள் இருப்பதும்

காலை ஏழு மணிக்கு மைசூரு விஜயநகர் இரண்டாம் ஸ்டேஜில் எங்கள் தெருவுக்குள் "சொப்பூ... சொப்பு" (கன்னடத்தில் கீரை) என்ற கீரைக்கார அம்மாவின் குரல் நுழையும். தள்ளுவண்டியில் ஈரச்சாக்குக்கு அடியில் தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, கொத்துமல்லி. வேரில் ஒட்டிய மண் இன்னும் காய்ந்திருக்காது. வாங்க வருபவர்களில் பலர் கையில் துணிப்பை. கர்நாடக அரசு 2016-இல் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்த பிறகு பரவிய நல்ல பழக்கம் இது. உள்ளூர் விளைச்சலை வாங்கு, பையைக் கொண்டுபோ, முடிந்தால் இயற்கை வேளாண் பொருளாக எடு: பொறுப்போடு கடைக்குப் போவதற்கு இன்று சொல்லப்படும் இலக்கணம் இதுதான். இதை எடைபோட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

இதன் பலம் உண்மையானது. கீரைக் கட்டுக்கு உறையில்லை, குளிர்பதனம் இல்லை; கொடுத்த பணம் ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. 1959-இல் பெங்களூரில் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகப் பிறந்த ஹாப்காம்ஸ் கடையில் காய் வாங்கினாலும், நந்தினி பால் பாக்கெட் வாங்கினாலும், கூட்டுறவு வழியாக விவசாயி வீட்டுக்கு ஒரு பங்கு போய்ச் சேர்கிறது.

ஆனால் 'பக்கத்தில் விளைந்தது' என்பதே 'கேடில்லாதது' ஆகிவிடாது. 119 நாடுகளின் சுமார் 38,000 பண்ணைகளை ஆராய்ந்து 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, உணவால் வரும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சிறியது என்று காட்டியது. எதை உண்கிறோம், அது எப்படி விளைந்தது என்பவையே பெரிய கணக்கு. பக்கத்து மாவட்டமான மண்டியாவை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து வரும் அரிசியும் ராகியும் நமக்கு ஒரே தொலைவுதான். நெல் காவிரிக் கால்வாய்த் தண்ணீரில் நிற்கிறது; தேங்கிய அந்த நீரிலிருந்து மீத்தேன் எழுகிறது. ராகியோ பெரும்பாலும் மானாவாரி. அதே மண்டியாவின் வேளாண் ஆராய்ச்சி நிலையமான வி.சி. பண்ணையில் பயிர் விஞ்ஞானி லட்சுமணய்யா இந்திய, ஆப்பிரிக்க ராகியைக் கலந்து 'இண்டாஃப்' ரகங்களை உருவாக்கினார். நாம் 'நம்மூர் தானியம்' என்று கொண்டாடும் ராகிக்கும் கடல் கடந்த உறவு உண்டு.

இஞ்சி இன்னொரு பாடம். ஹுன்சூர், எச்.டி. கோட்டை பக்கம் குத்தகை நிலங்களில் அது விளைகிறது. அழுகல் நோய்க்குப் பயந்து மருந்து தாராளமாக அடிக்கிறார்கள். குத்தகை முடிந்ததும் மண் நில உரிமையாளரின் கவலை. உள்ளூர்ச் சரக்குதான், ஆனால் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. இயற்கை அங்காடிக்குப் போகலாமே என்றால், அங்குள்ள விலையை எங்கள் தெருவைக் கூட்டும் தொழிலாளி கொடுக்க முடியாது. வசதியுள்ளவரின் தட்டை மட்டும் சுத்தமாக்கும் வழியை முழுத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பைக்கும் கணக்கு உண்டு. டென்மார்க் சுற்றுச்சூழல் துறையின் 2018 ஆய்வுப்படி, தட்பவெப்பத் தாக்கத்தை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். சாக்கடையை அடைக்காது, மாட்டின் வயிற்றில் சிக்காது என்பதால் நம் ஊரில் துணிப்பையே மேல். ஆனால் அலமாரியில் பத்துப் பை சேர்த்து வைப்பது அந்த நன்மையைத் தின்றுவிடும்.

எல்லாவற்றையும் விடக் கனமானது வீணாக்கல். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒரு கொத்துமல்லிக் கட்டு கறுத்து, குழைந்து, நீர்விட்டுக் கிடந்தது. துணிப்பையில் வந்த கட்டுதான்.

ஆகவே இலக்கணத்தின் வரிசையை மாற்றவேண்டும் என்பதே என் முடிவு. எவ்வளவு வேண்டும் என்பது முதல் கேள்வி. எது, எப்படி விளைந்தது என்பது அடுத்தது. யாரிடம் வாங்குகிறோம் என்பது மூன்றாவது. பை கடைசியில்தான்.

மூன்றாவது கேள்வியைத்தான் நாம் அதிகம் தவிர்க்கிறோம். வெயில் ஏறினால் வண்டியில் மிஞ்சிய கீரை வாடிவிடும்; அந்த நஷ்டம் முழுவதும் கீரைக்கார அம்மாவுடையது. இது தெரிந்தும் துணிப்பையை நீட்டியபடியே ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். அவர் கேட்ட விலையைக் கொடுத்து, இன்றைக்குச் சமைக்கும் ஒரே ஒரு கட்டை வாங்குவோம். நாளைக்கும் அவர் வருவார்.