வேர்ட்பிரஸில் ஏஐ: தமிழ்த் தளத்துக்கு எதை ஆன் செய்யலாம்?

வேர்ட்பிரஸ் தளத்தில் ஏஐ சேர்க்க இன்று பிளகின்களுக்குப் பஞ்சமில்லை. பலவும் கட்டுரையையே எழுதித் தருகிறேன் என்று வந்து நிற்பவை. கிளாசிஃபை என்ற பிளகின் அந்த ரகமல்ல. எழுதி முடித்த பிறகு மிஞ்சும் சில்லறை வேலைகளையே அது பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது: சுருக்கம், டேக், படத்துக்கான ஆல்ட் டெக்ஸ்ட், ஒலி வடிவம். அமெரிக்காவின் டென்அப் நிறுவனம் உருவாக்கியது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஹைதராபாத்தைப் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுதும் ஒரு சிறிய தளத்தின் சோதனைப் பிரதியில் போட்டுப் பார்த்தேன்.

இணைப்பு

பிளகினுக்குச் சொந்த மூளை கிடையாது. ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் அஷ்யூர், கூகுள் ஜெமினி, ஐபிஎம் வாட்சன், நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஓலாமா என்று பல இடங்களுக்கு வயர் இழுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஏபிஐ கீயை ஒட்டிச் சேமித்தால் இணைப்பு தயார். 3.0 பதிப்பிலிருந்து அமைப்புகளை வசதிவாரியாகப் பிரித்துவிட்டார்கள். சுருக்கத்துக்கு ஒரு நிறுவனம், குரலுக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்யும் ஒரே சேவை இல்லாத நிலையில், இந்தப் பிளகினின் பெரிய பலம் இதுதான்.

சுருக்கம்

எடிட்டரின் பக்கப் பட்டையில் ஒரு பொத்தான். அழுத்தினால் சில நொடியில் சுருக்கம் வந்துவிடும். முதலில் வந்த தமிழ், சுற்றுலா விளம்பரத் தமிழ்: ‘வாருங்கள், அறிந்துகொள்வோம்’ பாணி. நல்லவேளை, ப்ராம்ப்டை நாமே எழுதலாம். ‘இரண்டே வாக்கியம், கட்டுரையில் உள்ள சொற்களே போதும், அழைப்பு வாசகம் கூடாது’ என்று தமிழிலேயே எழுதி வைத்தேன். அதன் பிறகு வந்தவற்றை ஓரிரு சொல் திருத்தி அப்படியே போட முடிந்தது.

ஆல்ட் டெக்ஸ்ட்

பார்வையற்ற வாசகர் ஸ்கிரீன் ரீடரில் கேட்பது இதைத்தான் என்பதால் இங்கே கறாராக இருந்தேன். சார்மினார் படத்தைப் பெயரோடு சொல்லிவிட்டது. அடுத்து, செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலின் போனாலுத் திருவிழாப் படம்: உடம்பெல்லாம் மஞ்சள், காலில் சலங்கை, கையில் சாட்டையோடு ஆடும் போத்துராஜு. கிடைத்த வரி, ‘மஞ்சள் பூசிய ஆண் ஒருவர் கூட்டத்தில் ஆடுகிறார்.’ தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மனின் சகோதரனாக ஊர் வணங்கும் போத்துராஜு, யாரோ ஒருவராகிவிட்டார். வரைவாக எடுத்துக்கொண்டு பெயரை நாம்தான் சேர்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அஷ்யூரின் படச் சேவை விளக்கம் தரும் மொழிகளில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கில ஆல்ட் டெக்ஸ்ட் உதவாது. ஓபன்ஏஐ தருவது போன்ற மொழி மாடல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டேக்

டேக் பரிந்துரைக்கும் சேவைகளில் வாட்சனுக்குத் தமிழ் தெரியாது, அதை விட்டுவிடலாம். மாற்று வழி எம்பெடிங். கட்டுரையையும் நம்மிடம் ஏற்கெனவே உள்ள டேக்குகளையும் எண்களாக மாற்றி, எது எதற்கு அருகில் என்று பார்க்கும். கோல்கொண்டா பற்றிய கட்டுரைக்குச் சரியான டேக்குகள் வந்தன. இரானி சாய் கடைகள் பற்றிய கட்டுரைக்கு ‘வெளிநாடு’ முன்வரிசையில் வந்து நின்றது! பரிந்துரையை நாம் பார்த்து ஒப்புக்கொள்ளும் முறை, தானாகவே டேக் போடும் முறை என இரண்டு உண்டு. முதலாவதைத் தாண்ட வேண்டாம்.

குரல்

கட்டுரையை எம்பி3 ஆக்கி, பக்கத்தின் மேலே ஒரு பிளேயரை வைத்துவிடுகிறது. அமேசான் பாலியையும் இணைக்கலாம். ஆனால் அதில் இந்திய மொழி என்றால் இந்திதான். அஷ்யூரில் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் குரல்களும், தெலுங்குக்கு ஸ்ருதி, மோகன் குரல்களும் உண்டு. பல்லவி குரல் நீண்ட கட்டுரைக்கும் சலிப்புத் தட்டவில்லை. ‘கி.மீ.’, ‘ரூ.’ போன்ற சுருக்கங்களை விரித்து எழுதிவிட்டு ஒலியாக்குவது நல்லது.

செலவு

பிளகின் இலவசம், பின்னால் ஓடும் மீட்டர் நம் கணக்கில். மொழி மாடல்கள் டோக்கன் (சொல் துண்டு) கணக்கில் காசு வாங்குகின்றன; ஒரே செய்திக்குத் தமிழில் டோக்கன் அதிகம் ஆகும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ தந்த எடுத்துக்காட்டில், ஒரே பத்தி ஆங்கிலத்தில் 27 டோக்கனிலிருந்து 24 ஆனது. தமிழில் 116இலிருந்து 35, தெலுங்கில் 159இலிருந்து 45. பெரிய இறக்கம்தான், ஆனாலும் தமிழுக்கு நாம் இன்னும் ஆங்கிலத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொடுக்கிறோம். ஓபன்ஏஐயின் எம்பெடிங் மாடல்களோ பழைய டோக்கன் முறையிலேயே இருக்கின்றன. அங்கே விலை 10 லட்சம் டோக்கனுக்கு 2 சென்ட் என்ற அளவில் இருப்பதால், சிறிய தளத்துக்குக் கை கடிக்காது.

தரவு

பொத்தானை அழுத்தியதும், இன்னும் வெளியாகாத கட்டுரை வேறொருவர் சர்வருக்குப் போகிறது. அமேசான் 2022 நவம்பரில் ஹைதராபாத்திலேயே ஒரு கிளவுட் ரீஜனைத் திறந்தது. அதை வைத்து, நம் தரவு ஊருக்குள்ளேயே நிற்கும் என்று கணக்குப் போட வேண்டாம். எல்லாச் சேவையும் எல்லா ரீஜனிலும் கிடைப்பதில்லை. வெளியே போகவே கூடாத உள்ளடக்கம் என்றால் ஓலாமாதான் வழி. எந்த வசதியை யார் பயன்படுத்தலாம் என்று பயனர் பொறுப்பு வாரியாகக் கட்டுப்படுத்த முடிவது ஒரு நிம்மதி.

ஒரு குறை. இந்திய மொழிகளுக்காகவே மத்திய அரசு 2022 ஜூலையில் தொடங்கிய பாஷிணி, பிளகினின் சேவைப் பட்டியலில் இல்லை. அதற்கான மொழிபெயர்ப்பு, பேச்சு ஆய்வில் பெரும் பங்கு வகிப்பவற்றில் ஒன்று, ஹைதராபாத் கச்சிபௌலியில் உள்ள ஐஐஐடி. புதிய சேவையைச் சேர்க்கப் பிளகின் இடம் தருகிறது. நிரல் எழுதத்தான் ஆள் வர வேண்டும்.

தீர்ப்பு

வாரம் நாலைந்து கட்டுரை போடும் தளத்துக்கு இது தாராளமாகப் போதும். சுருக்கம், குரல் இரண்டையும் இன்றே ஆன் செய்யலாம். ஆல்ட் டெக்ஸ்டும் டேக்கும் எடிட்டர் கண் பட்ட பிறகே வெளியே போகட்டும். எடிட்டரே இல்லாத தளம் என்றால், அந்த இரண்டையும் ஆஃபிலேயே வைத்திருங்கள்.