ஒருக்களித்த நீச்சல்

சான் டியேகோவில் மகள் வீட்டருகே பொது நீச்சல்குளம். பக்கத்துத் தடத்தில் ஒரு பையன், சத்தமே இல்லை. ஒருக்களித்துப் படுத்தவாக்கில் போகிறான். ஒரு கை முன்னே நீள, மறு கை நெஞ்சோரமாய்த் தண்ணீரை வழித்துத் தள்ளுகிறது. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒரே வெட்டு. பிறகு ஒரு வழுக்கல். அழகே அந்த வழுக்கலில்தான். கைகள் நீருக்கு மேலே வருவதே இல்லை. எதிரி கண்ணில் படக்கூடாதே!

கரையேறியவனிடம் விசாரித்தேன். எதிர்க்கரை கொரனாடோவில் அமெரிக்கக் கடற்படையின் ‘சீல்’ என்னும் சிறப்புப் படைக்கான பயிற்சியில் இருக்கிறானாம். அதில் நுழையவே 500 கெஜத்தை 12 நிமிடம் 30 விநாடிக்குள் நீந்தியாக வேண்டும்.

“நீங்கள் எங்கே கற்றீர்கள், சார்?”

“கிணற்றில்.”

விழித்தான். மிதப்பதற்காக இடுப்பில் கட்டிய சுரைக்குடுக்கையை நான் விளக்குவதற்குள் மறுபடி நீரில் இறங்கிவிட்டான்.